ஒரே கதவு எண்

படிவத்தில் அந்தக் கட்டம் காலியாக இல்லை.
10.0.0.0/16 என்று
சாம்பல் எழுத்தில் முன்பே இருந்தது.
உதாரணம்தான்.
நான் ‘சரி’யை அழுத்தினேன்.
ஆறு வருடம் முன்பு, காஸ்த்ரோவில்,
மழைபிடித்த ஒரு வெள்ளிக்கிழமை,
கடைசிப் பேருந்துக்கு இருபது நிமிடம் இருக்கையில்.

தீவின் தென்கோடியில், கெயோனில்,
லிசான்ட்ரோ பர்ரியா என்றொருவர்
என்னை அறியாமல்
அதே ‘சரி’யை அழுத்தியிருக்கிறார்.

குற்றமில்லை.
மேகத்தில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு
நடுவே சுவர் உண்டு.
இரண்டு வீட்டிலும் பன்னிரண்டாம் எண் கதவு இருக்கலாம்;
சுவர் நிற்கும்வரை தபால் குழம்பாது.

பிறகு இரண்டு சால்மன் பண்ணைகளும் ஒன்றாயின.
முதலாளிகள் கைகுலுக்கிய படம் வந்தது.
சுவரில் ஒரு வாசல் வையுங்கள் என்றார்கள்.

10.0.4.17:
எங்கள் பக்கம் அது
மூன்றாம் கூண்டின் பிராணவாயு மானி.
அவர்கள் பக்கம்
சாப்பாட்டு அறைக்கு வெளியே நிற்கும் காபி இயந்திரம்.
“தண்ணீரில் மூச்சு எவ்வளவு என்று கேட்டால்
பால் தீர்ந்துவிட்டது என்று பதில் வரும்”
என்றாள் ஓர்தென்சியா மில்லகூரா, சிரிக்காமல்.

யாராவது ஒருவர் வீடு மாற்ற வேண்டும்.
நானும் லிசான்ட்ரோவும் நூறு பெசோ நாணயம் சுண்டினோம்.
தோற்றேன்.

புறம்போக்கு மொத்தம் மூன்று.
பட்டா கிடையாது, யாரும் குடியேறலாம்;
ஆனால் அந்த எண்ணைச் சொல்லிக்கொண்டு
ஊர்த் தெருவில் நடக்க முடியாது.

192.168 என்றேன்.
“காவல் முறைக்காரர்கள் எல்லோர் வீட்டு ரவுட்டரும்
அங்கேதான் இருக்கிறது.
நடுராத்திரி வீட்டிலிருந்து கூண்டைக் கூப்பிட்டால்
அவர்கள் டிவிதான் எழுந்து வரும்.”
172.17 என்றேன்.
“கண்டெய்னர்கள் சொல்லாமல் கொள்ளாமல்
பாய் விரிக்கிற இடம்.”
சலித்துப்போய் 172.32 என்றேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.
“வேலி முப்பத்தொன்றோடு முடிகிறது.
அந்தப் பக்கம் யாருடைய பட்டாவோ.”

தகரக் கூரையில் மழை
எதையோ எண்ணி, விட்டுவிட்டு, மறுபடி எண்ணியது.

“அழகான எண்ணை எல்லோரும் எடுப்பார்கள்.
யாருக்கும் பிடிக்காததாகச் சொல்.”

10.183.
யாருடைய பிறந்தநாளும் இல்லை.
வாயில்கூட ஒழுங்காக உட்காரவில்லை.
அவளுக்குப் பிடித்துவிட்டது.

“கருவிகள் எத்தனை?”
முந்நூறு.
“பத்து வருடம் கழித்து?”
தெரியாது.
“அந்தத் தெரியாததற்கும் இடம் விடு.”
மீன் தீவன அட்டைப்பெட்டியின் முதுகில்
பென்சிலால் பாத்தி கட்டினாள்:
கூண்டு வரிசைக்கு ஒன்று, பம்புகளுக்கு ஒன்று,
இடையிடையே தரிசு.
தரிசைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்தத் தீவில் வீடு மாற்றுவது என்றால்
வீட்டையே மாற்றுவது.
மரத்தண்டுகள்மேல் ஏற்றி,
காளைகள் இழுக்க, ஊரே கயிறு பிடிக்கும்.
சன்னலில் திரைச்சீலை ஆடிக்கொண்டே போகும்.
மிங்கா என்று பெயர்.
முடிந்ததும் வீட்டுக்காரர் எல்லோருக்கும் விருந்து வைக்க வேண்டும்.

அதிகாலை மூன்று மணிக்கு
கூண்டு கூண்டாக எண் மாற்றினோம்.
முதல் கூண்டு வந்தது. இரண்டாவதும்.
மூன்றாவது
நாற்பது விநாடி எங்கேயும் இல்லை.

அந்த நாற்பது விநாடியும் மீன்கள்
பழைய முகவரியிலும் இல்லாமல்
புதியதிலும் இல்லாமல்
வெறும் தண்ணீரில் இருந்தன.
எப்போதும் போலத்தான் இருந்திருக்கும் அவற்றுக்கு.
என் உள்ளங்கையில் மட்டும் வியர்வை.

பிறகு திரையில்: எட்டு புள்ளி நான்கு மில்லிகிராம்.
லிசான்ட்ரோ ஏதோ கெட்ட வார்த்தை சொன்னார், அன்போடு.

கடன் என்னுடையது.
விடிந்ததும் ஆறு பேருக்கு
உருளைக்கிழங்கு மில்காவோ வாங்கி வந்தேன்,
எண்ணெய் ஊறிய காகிதத்தில்.

இரண்டாவதைக் கடிக்கும்போது தொலைபேசி.
கல்புகோவிலிருந்து தீவனக் கம்பெனி.
எங்களோடு இணைய வேண்டுமாம், அவசரமாம்.

“உங்கள் வரம்பு என்ன?”

காகிதம் புரட்டும் ஓசை.
“பத்து,” என்றது ஓர் இளம் குரல்,
“புள்ளி பூஜ்யம்...”

ஓர்தென்சியா கையைத் துடைத்துக்கொண்டு
அட்டைப்பெட்டியை எடுத்தாள்.